உடுக்கைக்கு நோட்ஸ் கிடைக்குமா?

கேள்வி: எனக்கு வயது 31. மும்பை தாராவியில் இருக்கிறேன், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். சின்ன வயதில் நோட்ஸ் பார்த்துக் கீபோர்டு கற்றவன். இங்கே ஒரு வில்லுப்பாட்டுக் குழுவில் மூன்று மாதமாக உடுக்கை பழகுகிறேன். ஆசான் எதையும் எழுதித் தருவதில்லை. "கேளு, அடி" என்கிறார். வீட்டுக்கு வருவதற்குள் பாதி மறந்துவிடுகிறது. எழுத்துப் பாடம் எங்காவது கிடைக்குமா?

பதில்: தேடி அலைய வேண்டாம் தம்பி. உடுக்கையில் வலது கை தட்டுகிறது, இடது கை பேசுகிறது. இரண்டு முகத்தையும் இழுத்துக் கட்டிய கயிறுகளை உடுக்கையின் ஒடுங்கிய இடுப்புப் பகுதியில் அழுத்தினால் தோல் இறுகிச் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். எத்தனை தட்டு என்று தாளில் குறித்துவிடலாம். ஆனால் அழுத்தம் எங்கே தொடங்கி எவ்வளவு மெதுவாக விலகுகிறது என்பதைக் காதுதான் பிடிக்கும். அந்த விம்மல் இல்லாத உடுக்கை வெறும் தட்டு.

இன்னொன்று, வில்லுப்பாட்டில் உடுக்கைக்காரர் தனியாக வாசிப்பதில்லை. முன்னால் பாடுகிறவர் வீசுகோலால் வில்லை அடித்துக் கதையை நடத்துகிறார். குடமும் ஜால்ராவும் கூடவே ஓடுகின்றன. சாமி வரும் கட்டத்தில் அவர் ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடுவார், வேகமும் ஏறும். எத்தனை முறை என்று அவருக்கே முன்கூட்டித் தெரியாது. நான் பழகிய முதல் வருடம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தேன். ஒரு கோயில் கொடை விழா ராத்திரியில் பாடகர் ஓரடியை நீட்டினார். என் கை எழுதி வைத்த இடத்திலேயே நின்றுவிட்டது. அன்றைக்குத்தான் நோட்டை மூடினேன்.

சரி, மறதிக்கு என்ன வழி? முதலில் வாய். ஆசான் ஒரு அடவை, அதாவது ஒரு தாளக் கோர்வையை, வாயால் எப்படிச் சொல்கிறாரோ, அதே சொல்லை அதே இழுப்போடு சொல்லிப் பழகுங்கள். குழுவுக்குக் குழு சொல் மாறும். வேறு இடத்தில் கேட்டதைக் கொண்டுவந்து கலக்காதீர்கள். வாயில் நிற்காதது கையில் நிற்காது. வகுப்பு முடிந்து ரயிலிலோ நடந்தோ வரும்போதே முணுமுணுத்துக்கொண்டு வாருங்கள். அந்த அரை மணி நேரத்தில் விட்டால்தான் வீட்டுக்கு வருவதற்குள் மறந்துபோகிறது. தொடையில் தட்டிக்கொள்ளலாம். இடது கைக்குச் சுருட்டிய துண்டு போதும், தட்டு விழும்போது அதை அழுத்தி, பிறகு தளர்த்துங்கள். அறைக்குள் அக்கம்பக்கத்தைத் தொந்தரவு செய்யாமல் இப்படி எவ்வளவு நேரமும் பழகலாம்.

அடுத்து போன். ஆசானிடம் அனுமதி கேட்டு ஒரே அடவை முதலில் வாயால், உடனே உடுக்கையில் என்று பதிவு செய்யுங்கள். அரை நிமிடம் போதும். முழு நிகழ்ச்சியைப் பதிவு செய்து வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் அதைத் திரும்பக் கேட்பதே இல்லை. வேகத்தைக் குறைத்துக் கேட்டால் அழுத்தும் இடம் தெளிவாகத் தெரியும். பிறகு உங்கள் வாசிப்பையும் பதிந்து, இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்.

கீபோர்டு பழக்கம் வீணில்லை. ஒரு கட்டையை அழுத்தி வைத்துக்கொண்டு, உடுக்கையை இறுக்கி அந்தச் சுருதிக்கு அருகில் கொண்டுவரப் பாருங்கள். பிறகு அடுத்த கட்டை. துல்லியமாக ஒட்டாது, ஆனால் எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு ஏறும் என்று இடது கை கற்றுக்கொள்ளும். பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், மணிக்கட்டு வலித்தால் நிறுத்திவிடுங்கள்.

எழுதவே கூடாது என்று சொல்லவில்லை. ஒரு அடவு தூக்கத்தில் கேட்டாலும் வரும் அளவுக்குப் படிந்த பிறகு, எந்தக் கதையில் எந்த இடத்தில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், மும்பை மழைக்காலத்தில் ஈரக்காற்றுக்குத் தோல் தளர்ந்துவிடும். ஜன்னலோரம் வைக்காமல் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை சுருதி ஏறவில்லை என்றால், உங்கள் கையைக் குறை சொல்வதற்கு முன் தோலைத் தொட்டுப் பாருங்கள்.