ஸ்விட்ச்சுகளில் விலான் தானாகவே அமைய வழி உண்டா? அதை நம்பலாமா?

20 நெட்வொர்க் ஸ்விட்ச் இருக்கிற அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள், ஒவ்வொன்றிலும் கையால் விலான் (ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனி வலைகளாகப் பிரிக்கும் ஏற்பாடு) போட்டு அலுத்துவிட்டது என்கிறீர்கள். வழி உண்டு. ஆனால் இதில் இரண்டு வேலைகள் கலந்து கிடக்கின்றன. விலான் பட்டியலை ஸ்விட்ச்சுகள் தங்களுக்குள் பரப்பிக்கொள்வது ஒன்று. செருகியது யாருடைய கருவி என்று பார்த்து அந்தப் போர்ட்டை உரிய விலானில் சேர்ப்பது இன்னொன்று. முதலாவதை அடக்கி வையுங்கள், இரண்டாவதைத் தாராளமாகத் தானியங்கியாக்குங்கள் என்பேன்.

பட்டியலைப் பரப்ப சிஸ்கோ நிறுவனத்தின் விடிபி என்ற நெறிமுறை இருக்கிறது. பொதுத் தரமாக முதலில் ஜிவிஆர்பி இருந்தது, 2007-இல் எம்விஆர்பி வந்தது. விடிபி-யில் நான் பட்டதைச் சொல்கிறேன்.

ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் இருந்தேன். ஃபினிஷிங் பகுதி ஸ்விட்ச் போய்விட்டது. ஸ்டோரில் கிடந்த பழைய ஸ்விட்ச்சின் கான்ஃபிக்கை, அதாவது அமைப்புகளை, அழித்துவிட்டு மாட்டினேன். கொஞ்ச நேரத்தில் ரேக் முழுக்கப் பச்சை விளக்குகள் ஆரஞ்சாகிவிட்டன. எல்லா ஸ்விட்ச்சிலும் எங்கள் விலான்கள் காணோம்! சென்னைத் துறைமுகத்துக்குக் கிளம்ப வேண்டிய கன்டெய்னர் லாரி இ-வே பில் எடுக்க முடியாமல் கேட்டில் நின்றது. டிரைவர் அண்ணன் மூன்று முறை வந்து, "இன்னும் எவ்ளோ நேரம் சார் ஆவும்?" என்று கேட்டார். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

காரணம் இதுதான். பட்டியலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரிவிஷன் எண் ஒன்று கூடும். ஒரே டொமைனுக்குள் (ஒரே விடிபி பெயரில் சேர்ந்த ஸ்விட்ச்சுகளுக்குள்) எண் பெரிதாக இருக்கிற பட்டியல்தான் செல்லுபடியாகும், அது கிளையன்ட் மோடில், அதாவது பட்டியலைத் தானே மாற்ற முடியாத நிலையில், இருக்கிற ஸ்விட்ச்சிலிருந்து வந்தாலும். அந்தப் பட்டியலும் எண்ணும் ஃபிளாஷில் தனிக் கோப்பாகக் கிடக்கும். கான்ஃபிக்கை அழித்தால் அது போகாது. அந்தப் பழைய ஸ்விட்ச்சின் எண் எங்களுடையதைவிடப் பெரிதாக இருந்தது. மாட்டும் முன் டிரான்ஸ்பரன்ட் மோடுக்கு (மற்ற ஸ்விட்ச்சின் பட்டியலை ஏற்காத, தன் பட்டியலைப் பரப்பாத நிலை) மாற்றியிருந்தால் எண் சுழியமாகியிருக்கும். விடிபி-யின் மூன்றாம் பதிப்பில் பிரைமரி சர்வராக வைத்த ஸ்விட்ச் மட்டுமே பட்டியலை மாற்ற முடியும் என்பதால் இந்த ஆபத்து பெருமளவு குறைவு. ஆனாலும் 20 ஸ்விட்ச்சுக்கு எல்லாவற்றையும் டிரான்ஸ்பரன்ட்டில் வைத்து, அன்சிபிள் மாதிரி ஒரு தானியங்கிக் கருவியில் ஸ்கிரிப்ட் எழுதிப் பட்டியலை அனுப்புவதே மேல். என்ன மாறியது என்பது உங்கள் கண்ணெதிரே இருக்கும்.

இனி இரண்டாவது வேலை. போர்ட்டுக்கு 802.1எக்ஸ் (செருகியவர் யாரென்று கேட்டு உள்ளே விடும் தரம்), பின்னால் அதைச் சரிபார்க்க ஒரு ரேடியஸ் சர்வர். ஃப்ரீரேடியஸ் என்ற ரேடியஸ் மென்பொருள் இலவசம். ஆள் யாரென்று உறுதியானதும் சர்வர் மூன்று மதிப்புகளை அனுப்பும்: டனல் டைப் 13 (விலான் என்று பொருள்), மீடியம் டைப் 6 (802 வகை வலை என்று பொருள்), பிறகு விலான் எண். அக்கவுண்ட்ஸ் லேப்டாப்பை கட்டிங் பகுதியில் செருகினாலும் அது அக்கவுண்ட்ஸ் விலானுக்கே போகும். ஒன்றைக் கவனியுங்கள், சர்வர் சொல்கிற விலான் அந்த ஸ்விட்ச்சில் முன்பே இருக்க வேண்டும்.

கேமரா, பஞ்சிங் மெஷினில் பெரும்பாலும் லாகின் செய்ய வசதி இருக்காது. கருவியின் நெட்வொர்க் கார்டுக்கான அடையாள எண்ணான மேக் முகவரியை வைத்துச் சேர்க்கலாம். ஆனால் அந்த முகவரியை யாரும் காப்பியடிக்க முடியும், அதனால் அவற்றுக்குத் தனி விலான் கொடுத்து, தேவையான சர்வரைத் தவிர மற்றதற்கு வழியை அடைத்துவிடுங்கள். ரேடியஸ் ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும். இரண்டும் விழுந்தால் போர்ட் எந்த விலானுக்குப் போக வேண்டும் என்பதையும் இப்போதே எழுதி வையுங்கள்.