கருத்துப் பெட்டியில் போட்ட சீட்டு எங்கே போகிறது?

கல்லூரி நூலகங்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, நூலகப் பணியில் இருப்பவர்கள் தரும் பதில்கள்.

கேள்வி: நூலகக் கருத்துப் பெட்டியில் இரண்டு முறை எழுதிப் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. அதை யாராவது திறந்து பார்க்கிறார்களா?

ஒழுங்காக நடக்கும் நூலகத்தில் வாரம் ஒரு முறையாவது பெட்டியைத் திறப்பார்கள். ஒவ்வொரு சீட்டுக்கும் தேதியும் வரிசை எண்ணும் போட்டுப் பதிவேட்டில் ஏற்றுவார்கள். பிறகு சீட்டுகள் மூன்றாகப் பிரியும். எரியாத விளக்கு, ஆடும் நாற்காலி, மை தீர்ந்த பிரின்டர் போன்றவை அன்றைக்கே பணியாளர் கைக்குப் போகும். புத்தகத்தை எத்தனை நாள் வைத்திருக்கலாம், தாமதக் கட்டணம் எவ்வளவு என்பது போன்ற விதிகளை நூலகர் பார்ப்பார். புதிய புத்தகம், கூடுதல் இருக்கை என்று பணம் கேட்பவை நூலகக் குழுவின் கூட்டத்துக்குக் காத்திருக்கும். அந்தக் குழு பருவத்துக்கு ஒரு முறை கூடுவதாக இருந்தால், கூட்டம் முடிந்த மறுநாள் விழுந்த சீட்டு அடுத்த கூட்டம் வரை தூங்கும். மாணவர்கள் 'கண்டுகொள்ளவில்லை' என்று நினைப்பதில் பாதி இந்த வகை.

மறு பாதிக்குக் காரணம் சீட்டில் இருக்கிறது. 'நல்ல புத்தகம் இல்லை' என்று எழுதினால் யாரும் எதையும் வாங்க முடியாது. தலைப்பு, ஆசிரியர், பதிப்பு, எந்தப் பாடத்துக்கு என்ற நான்கும் இருந்தால் அதுவே கொள்முதல் விண்ணப்பம். 'சத்தம் தாங்கவில்லை' என்பதைவிட 'இரண்டாம் மாடி, ஜன்னல் பக்கம், மாலை 4 மணிக்குமேல்' என்பது வேலையை நடத்தும்.

பெயர் போடாமல் எழுதலாம், தப்பில்லை. ஆனால் பதில் உங்களைத் தேடி வராது. அதனால்தான் நுழைவாயிலில் ஒரு பலகை வேண்டும்: கேட்டது என்ன, செய்தது என்ன, செய்ய முடியாதது எது, ஏன். செய்ததை மட்டும் ஒட்டிவிட்டு மறுத்ததை மறைக்கும் நூலகங்கள் உண்டு. மறுப்புக்குக் காரணம் எழுதாவிட்டால் அதே கேள்வி அடுத்த மாதம் பத்துச் சீட்டாகத் திரும்பி வரும்.

கேள்வி: கணினிப் பட்டியலில் புத்தகம் 'இருக்கிறது' என்று காட்டுகிறது. அலமாரியில் இல்லை. ஏன் இப்படி?

எந்தக் கல்லூரி நூலகத்திலும் அடிக்கடி எழும் புகார் இது. பட்டியல் பொய் சொல்லவில்லை. 'இந்தப் பிரதி யார் பெயரிலும் இரவலில் இல்லை' என்று மட்டும்தான் அது சொல்கிறது. எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

திரும்பி வந்த புத்தகம் கவுன்டரில் ஸ்கேன் ஆனவுடன் 'இருக்கிறது' ஆகிவிடும்; ஆனால் தள்ளுவண்டியிலேயே ஒரு நாள் கிடக்கலாம். வேறொருவர் அதை மேசையில் வைத்துப் படித்துக்கொண்டிருக்கலாம். பரீட்சை நேரத்தில் தனக்கு மட்டும் கிடைக்கட்டும் என்று வேறு துறை அலமாரியில் ஒளித்துவைப்பவர்களும் உண்டு. எல்லாவற்றையும்விட அதிகம் நடப்பது இடம் மாறி அடுக்குவதுதான். புத்தகங்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டியூயி முறையில் 530.12 என்பது 530.2-க்கு முன்னால் வரவேண்டும். புள்ளிக்குப் பின்னால் இருப்பது தசமம் என்பதை மறந்து, 12 பெரிது என்று நினைத்துப் பின்னால் செருகிவிடுகிறார்கள். எடுத்துப் பார்த்த மாணவர் தானே திரும்ப அடுக்கும்போது இது நிறைய நடக்கிறது. 'படித்த புத்தகத்தை மேசையிலேயே வையுங்கள்' என்று எழுதி வைத்திருப்பது அதற்காகத்தான்.

நீங்கள் செய்யவேண்டியது: புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருக்கும் கால் நம்பரை (call number, அலமாரியில் அதன் இடத்தைக் காட்டும் எண்) முழுவதுமாக, கடைசி எழுத்துகளோடு எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தட்டிலும், மேல், கீழ்த் தட்டுகளிலும், வரிசைக்குப் பின்னால் விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு தள்ளுவண்டி. அதற்குப் பிறகும் இல்லையென்றால் கவுன்டரில் தேடல் சீட்டு கொடுங்கள்.

நூலகம் செய்யவேண்டியது: சில நாள் இடைவெளி விட்டு மூன்று முறை, முடிந்தால் வெவ்வேறு ஆட்கள் தேடவேண்டும். முதலில் தேடியவர் கண்ணுக்குத் தப்பியது அவருக்கே மறுபடியும் தப்பும். மூன்றாம் முறையும் கிடைக்காவிட்டால் பட்டியலில் 'காணவில்லை' என்று மாற்றவேண்டும். இந்தக் கடைசி வேலையைப் பல இடங்களில் செய்வதில்லை. அடுத்த மாணவரும் அதே அலமாரியின் முன் நின்று திகைப்பார். ஒரே பகுதியைப் பற்றித் தேடல் சீட்டுகள் குவிந்தால், அந்தப் பகுதியை முதலிலிருந்து கடைசிவரை ஒருவர் வரிசை சரிபார்க்கவேண்டும் என்று அர்த்தம்.

கேள்வி: பாடப்புத்தகத்தின் பிரதிகள் எப்போதும் வெளியிலேயே இருக்கின்றன. கூடுதலாக வாங்கச் சொன்னால் 'பார்க்கலாம்' என்கிறார்கள். எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

முன்பதிவுகளின் எண்ணிக்கையை வைத்து. ஒரு பிரதிக்கு எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்ற விகிதம்தான் முதல் சான்று. நிறைய நூலகங்கள் பயன்படுத்தும் கோஹா மென்பொருளில் இதற்கென்றே ஓர் அறிக்கை இருக்கிறது. அதில் விகிதம் இயல்பாக 3 என்று வைக்கப்பட்டிருக்கும். நூலகம் விரும்பினால் மாற்றிக்கொள்ளலாம். அதன்படி, 4 பிரதிக்கு 12 பேர் காத்திருந்தால் அந்தப் புத்தகம் பட்டியலில் மேலே வந்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், 'எப்படியும் கிடைக்காது' என்று சலித்து முன்பதிவே செய்யாமல் போகிறவர் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. நாற்பது பேர் முணுமுணுத்தாலும் கணினியில் முன்பதிவு பூஜ்யம்தான். ஆகவே முதலில் முன்பதிவு செய்யுங்கள்.

கூடுதல் பிரதி வாங்குவதுதான் சிறந்த தீர்வு என்றும் சொல்வதற்கில்லை. பாடத்திட்டம் மாறினாலோ புதுப் பதிப்பு வந்தாலோ அத்தனை பிரதியும் தூசு படியும். ஒரு பிரதியை வெளியே விடாமல், உள்ளேயே இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் கொடுத்தால் ஒரு நாளில் நாலைந்து பேர் படிப்பார்கள். அதே பிரதியை 14 நாள் இரவலுக்கு விட்டால் இரண்டு வாரத்துக்கு ஒரே ஆள். தேவை ஏறும் வாரங்களில் இரவல் நாளைக் குறைப்பது இன்னொரு வழி. இது யாருக்கும் பிடிக்காது, ஆனால் பலன் தரும்.

மின்புத்தகத்திலும் இதே கதைதான். உரிமம் 'ஒரு நேரத்தில் ஒருவர்' என்று இருந்தால் இரண்டாவது ஆள் திருப்பி அனுப்பப்படுவார். படித்து முடித்தவர் வெளியேறும் பொத்தானை அழுத்தாமல் திரையை மட்டும் மூடினால், சில தளங்களில் நேரம் தீரும்வரை அந்த இடம் அவர் பெயரிலேயே இருக்கும். இப்படித் திரும்பிப் போனவர்களின் எண்ணிக்கையைப் பதிப்பகங்கள் 'கவுன்டர்' (COUNTER; நூலகக் கவுன்டர் அல்ல) என்ற பொதுத் தர அறிக்கையில் நூலகத்துக்குத் தருகின்றன. உரிம வரம்பு தாண்டியதால் மறுக்கப்பட்டவை தனி, உரிமமே இல்லாததால் மறுக்கப்பட்டவை தனி. முதல் எண் ஏறினால் உரிமத்தை உயர்த்தவேண்டும். இரண்டாவது ஏறினால் அந்தப் புத்தகத்தை வாங்கலாமா என்று யோசிக்கவேண்டும்.

கேள்வி: கல்லூரிக்குள் திறக்கும் ஆய்விதழ் வீட்டிலிருந்து திறப்பதில்லை. புகார் கொடுத்தால் 'எங்களுக்குத் திறக்கிறதே' என்கிறார்கள்.

அவர்கள் கல்லூரிக்குள் இருந்து பார்ப்பதால் அவர்களுக்குத் திறக்கத்தான் செய்யும். பெரும்பாலான தளங்கள் கல்லூரியின் ஐபி முகவரியை (இணையத்தில் கல்லூரி இணைப்பை அடையாளம் காட்டும் எண்) பார்த்து அனுமதிக்கின்றன. வெளியிலிருந்து வருபவர் நூலகப் பக்கத்தின் இணைப்பு வழியாக உள்நுழைந்தால்தான் கல்லூரி ஆள் என்று அடையாளம் தெரியும். தேடுபொறியிலிருந்து நேராகப் போனால் பணம் கேட்கும். நூலக வழியில் போயும் திறக்கவில்லையென்றால், மேலே உள்ள முகவரிப் பட்டை தெரியும்படி திரையைப் படம் பிடித்து, நேரத்தையும் குறித்து அனுப்புங்கள். முகவரியைப் பார்த்தாலே கோளாறு எந்தப் பக்கம் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

கேள்வி: பாதிப் பேர் அமைதி வேண்டும் என்கிறார்கள், மீதிப் பேர் கூடிப் படிக்க இடம் கேட்கிறார்கள். யார் பக்கம் சாய்வது?

இருவரும் கேட்பது சரி. தவறு இருவரையும் ஒரே கூடத்தில் உட்காரவைப்பதில். பேசும் பகுதி வாசலுக்கும் கவுன்டருக்கும் அருகில், அமைதிப் பகுதி உள்ளே கடைசியில் அல்லது மேல் மாடியில். நடுவில் புத்தக அலமாரிகள் நின்றால் அவையே ஓரளவு சத்தத்தை உறிஞ்சும். பிரின்டரையும் நகல் இயந்திரத்தையும் அமைதிப் பகுதியில் வைத்துவிட்டு 'பேசாதீர்கள்' என்று எழுதி ஒட்டுவதில் பயனில்லை. அங்கே வரிசையில் நிற்பவர்கள் பேசத்தான் செய்வார்கள்.

பையை வைத்து இடம் பிடிப்பதும் இதோடு சேர்ந்த தொல்லை. எழுந்து போகும்போது நேரம் எழுதிய அட்டையை மேசையில் வைக்கவேண்டும். 30 நிமிடம் தாண்டினால் பணியாளர் பொருள்களை எடுத்துக் கவுன்டரில் வைப்பார். இதை மாணவர்களையே செய்யவிட்டால் சண்டையில் முடியும்.

கேள்வி: நான் நூலகத்தில் வேலை செய்கிறேன். ஆண்டுக் கருத்துக்கணிப்பில் 5-க்கு 4-க்குமேல் கிடைக்கிறது. பெட்டியிலோ புகார் நிறைகிறது. எதை நம்புவது?

பெட்டியை. கணிப்புப் படிவத்தை நிரப்புவது பெரும்பாலும் நூலகத்துக்கு வந்துகொண்டிருப்பவர்கள். வருவதை நிறுத்தியவர் கையில் படிவமே சேராது. ஆகவே வகுப்பறையிலும் விடுதியிலும் கொடுத்துப் பாருங்கள். 'நேரமும் இடவசதியும் திருப்தியா?' என்று இரண்டு விஷயத்தை ஒரே கேள்வியில் கட்டாதீர்கள். வந்த மதிப்பெண் எதற்கு என்று தெரியாது.

பல நாட்டுக் கல்வி நூலகங்கள் பயன்படுத்திய 'லிப்குவால்' முறை, 22 அடிப்படைக் கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் 9-க்கு மூன்று மதிப்பெண் கேட்கும்: குறைந்தபட்சம் எவ்வளவு வேண்டும், எவ்வளவு இருந்தால் நன்று, இப்போது எவ்வளவு கிடைக்கிறது. அமைதிக்குக் குறைந்தபட்சம் 7, கிடைப்பது 6 என்றால் இடைவெளி மைனஸ் 1. பிரின்டருக்குக் குறைந்தபட்சம் 4, கிடைப்பது 5 என்றால் பிளஸ் 1. வெறும் மதிப்பெண்ணைப் பார்த்தால் பிரின்டர்தான் மோசம். முதலில் கை வைக்கவேண்டியது அமைதியில். முழு முறையும் வேண்டாம், நாலைந்து கேள்விக்கு இப்படிக் கேட்டாலே போதும்.

கேள்வி: நள்ளிரவு வரை திறந்துவைக்கக் கேட்டோம். மறுத்துவிட்டார்கள்.

ஆண்டு முழுவதும் கேட்காமல், பரீட்சைக்கு முந்தைய மூன்று வாரத்துக்குச் சோதனையாகக் கேளுங்கள். ஒவ்வொரு மணிக்கும் தலை எண்ணச் சொல்லுங்கள். அந்த எண்ணிக்கைதான் அடுத்த முறை உங்களுக்காகப் பேசும். இரவு முழு நூலகமும் தேவையில்லை. ஒரு வாசிப்புக் கூடம், ஒரு காவலர், ஒரு கழிப்பறை திறந்திருந்தால் போதும் என்று எழுதினால் செலவு பாதியாகத் தெரியும்.

கேள்வி: கவுன்டரில் ஒருவர் எரிந்து விழுகிறார். பெட்டியில் போடலாமா?

வேண்டாம். பெட்டியைத் திறப்பவர் அவராகவே இருக்கலாம். தேதி, நேரம், நடந்தது ஆகியவற்றை எழுதி நூலகரிடம் நேரில் கொடுங்கள். ஆளைப் பற்றிய புகார் பலகையில் ஏறக்கூடாது.

கேள்வி: மேசையில் வெளிச்சம் போதவில்லை என்றால் 'கண்ணாடி போடுங்கள்' என்று கிண்டல் செய்கிறார்கள்.

வாசிக்கும் மேசையில் 500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் வேண்டும் என்பது ஐரோப்பியத் தர அளவு. லக்ஸ் அளக்கும் செயலிகள் துல்லியமானவை அல்ல. ஆனாலும் நல்ல மேசையையும் மங்கலான மேசையையும் ஒப்பிட அவை போதும். இரவு நேரத்தில் இரண்டையும் அளந்து, மேசை எண்ணோடு எழுதிக் கொடுங்கள்.