கம்ப்யூட்டர் இல்லாத 1870கள்ல காலேஜ் லேப்ல ஒலியை எப்படி காட்டுனாங்க?

நெருப்பை வச்சு காட்டுனாங்க. பாரிஸ்ல ருடால்ஃப் கோனிக்னு ஒருத்தர் இருந்தாரு, முதல்ல வயலின் செய்யக் கத்துக்கிட்டவர், அப்புறம் ஒலியியல் கருவி மட்டுமே செஞ்சு கேட்டலாக் போட்டு உலகம் பூரா காலேஜுங்களுக்கு வித்தாரு. அதுல எனக்கு ரொம்ப பிடிச்சது அந்த தீச்சுடர் கருவிதான். சின்ன டப்பாவுக்கு நடுவுல மெல்லிசா ஒரு சவ்வு, ஒரு பக்கம் நீங்க பாடுறீங்க, இன்னொரு பக்கம் கேஸ் போய் சின்ன சுடரா எரியுது, சத்தத்துல சவ்வு அதிர அதிர சுடர் ஏறி இறங்கும், ஆனா அந்த வேகம் நம்ம கண்ணுக்குப் பிடிபடாது, அதனால பக்கத்துல நாலு பக்கமும் முகம் பாக்குற கண்ணாடி வச்ச பெட்டியை சுத்தி விடுவாங்க, சுடர் அப்படியே ரம்பப் பல்லு மாதிரி நீண்டு தெரியும். 'ஆ'வுக்கு ஒரு வடிவம், 'ஊ'வுக்கு வேற. கிளாஸ் மொத்தமும் ஒண்ணா பாக்கலாம், வாத்தியாருங்களுக்கு வேற என்ன வேணும்?

1876ல பிலடெல்பியா கண்காட்சிக்கு சரக்கை கப்பல்ல கொண்டு போனாரு, 600க்கு மேல இசைக்கவை (டியூனிங் ஃபோர்க், தட்டுனா ஒரே சுரம் கொடுக்கிற உலோகக் கவை) இருந்த ஒரு பெரிய செட் உட்பட. பாராட்டு குவிஞ்சுது, எதிர்பார்த்த அளவு விக்கல, பாவம். 1878ல டொரண்டோ பல்கலைக்கழகத்துக்காக ஜேம்ஸ் லௌடன்கிற பேராசிரியர் இவர்கிட்ட நிறைய வாங்குனாரு, அதுல பல கருவிங்க இன்னும் அங்கேயே இருக்கு. ஒவ்வொரு இசைக்கவையையும் கோனிக் தானே சரிபார்த்துட்டுதான் தன் முத்திரையைக் குத்துவாரு, அந்தக் கவனத்துக்குத்தான் காலேஜுங்க காசு கொடுத்துச்சுன்னு நான் நினைக்கிறேன்.