மூன்று பேர் ஓட்டினால் பெருமை குறைந்துவிடுமா?

கேள்வி: ஜெர்மன் கார் பந்தய வீரர் க்ளவுஸ் லுட்விக்கை சென்ற இதழில் ‘ராஜா’ என்று எழுதியிருந்தீர்கள். ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஒருநாள்கூட ஓட்டாதவர் அவர். மூன்று பேர் மாறி மாறி ஓட்டும் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜெயிப்பதெல்லாம் ஒரு சாதனையா? – ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ராஜா என்பது நாங்கள் சூட்டிய பட்டம் இல்லை. ஜெர்மனி ரசிகர்களே அவரை ‘லுட்விக் ராஜா’ என்றுதான் அழைத்தார்கள். ஃபார்முலா ஒன்னில் அவர் ஓட்டவில்லை என்பது சரி. ஆனால் அந்த ஒன்றை வைத்து அவரை எடை போட்டால் அது அநியாயம்.

முதலில் அந்த ‘மூன்று பேர்’ கணக்கைப் பார்ப்போம். பிரான்ஸில் நடக்கும் 24 மணி நேர லெ மான் பந்தயத்தில், 1984-ல் யோஸ்ட் டீமின் போர்ஷே 956 காரை ஓட்டியது மூன்று பேர் இல்லை. லுட்விக்கும் பிரான்ஸைச் சேர்ந்த ஆன்ரி பெஸ்கரோலோவும், இரண்டே பேர். ஆரம்பத்தில் எரிபொருள் கோளாறு வந்து வெகுதூரம் பின்தங்கினார்கள். அங்கிருந்து ஒவ்வொரு காராகப் பிடித்து முதலிடத்துக்கு வந்தார்கள். அந்த வருஷம் போர்ஷே கம்பெனியின் சொந்த டீம் விதிமுறைத் தகராறில் பந்தயத்துக்கே வரவில்லை, அதனால் கிடைத்த வெற்றி என்று நீங்கள் சொல்லலாம். சரி, 1985-ல் வந்தார்களே? அதே பழைய காரை வைத்துக்கொண்டு அவர்களையும் லுட்விக் டீம் தோற்கடித்தது.

எப்படித் தோற்கடித்தது என்பதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். அந்த வருஷம் ஒரு காருக்கு 24 மணி நேரத்துக்கும் சேர்த்து 2,210 லிட்டர் எரிபொருள்தான் என்று விதி இருந்தது. அதற்குள் 5,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். வேகமாகப் போனால் டேங்க் காலியாகும், மிச்சம் பிடித்தால் எதிரி போய்விடுவான். லுட்விக் என்ன செய்தார்? எதிர் டீமின் போர்ஷே ஒன்றோடு ஒட்டிக்கொண்டார். கொஞ்ச நேரம் அந்தக் கார் முன்னால், கொஞ்ச நேரம் இவர் கார் முன்னால். முன்னே போகும் கார் காற்றைக் கிழித்துக்கொடுக்கும், பின்னால் வருபவர் ஆக்ஸிலரேட்டரில் காலைத் தளர்த்தலாம். லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போனால் சைக்கிள் மிதிப்பது லேசாகுமே, அதே கணக்குதான். ஆனால் இது மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் போகும்போது! கடைசியில் அந்த எதிர் டீமுக்கு இரண்டாம் இடம், போர்ஷே கம்பெனி டீமுக்கு மூன்றாம் இடம். லுட்விக்கின் காரில் மூன்றாவது டிரைவராக இருந்தவர் ‘ஜான் விண்டர்’ என்ற புனைபெயரில் பந்தயம் ஓட்டிய மரவியாபாரி. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தது கொஞ்ச நேரம்தான். பாரமெல்லாம் லுட்விக், இத்தாலிக்காரர் பாவுலோ பரில்லா இருவர் தலையில்.

இன்னொன்றையும் யோசியுங்கள். தனியாக ஓட்டுபவர் காரைப் பிழிந்து எடுத்துவிடலாம். கூட்டாக ஓட்டுபவர் கியர், பிரேக், கிளட்ச் எல்லாவற்றையும் அடுத்தவர் கையில் நல்லபடியாகக் கொடுக்க வேண்டும். 1979-ல் லுட்விக் முதன்முதலாக லெ மானில் ஜெயித்தபோது இது அப்படியே நடந்தது. கொட்டும் மழையில் அவர்கள் கார் பல சுற்றுகள் முன்னிலை எடுத்திருந்தது. பந்தயம் முடியும் தறுவாயில், கூட்டாளி டான் விட்டிங்டன் ஓட்டிக்கொண்டிருக்கும்போது எரிபொருள் பம்பின் பெல்ட் அறுந்து நடுவழியில் நின்றுவிட்டது. மெக்கானிக் தொடக் கூடாது, டிரைவர்தான் சரிசெய்ய வேண்டும். ஒரு மணி நேரத்துக்கும் மேல் போராடி அவர் காரைக் கிளப்பிக்கொண்டு வந்தார். அப்படியும் ஜெயித்தார்கள் என்றால், அந்தக் காரை ஓட்டிய மூவரில் அதிவேகக்காரரான லுட்விக் சேர்த்துவைத்த சுற்றுகள் எத்தனை முக்கியம் என்று பாருங்கள்.

சாலையில் ஓடும் கார்களைப் பந்தயத்துக்கு மாற்றி ஓட்டும் டூரிங் கார் பக்கம் வாருங்கள். டி.டி.எம். என்ற ஜெர்மன் டூரிங் கார் பட்டம் 1988-ல் ஃபோர்டு சியராவில், அப்புறம் 1992-லும் 1994-லும் மெர்சிடிஸில். 1987-ல் டூரிங் கார் உலகப் பட்டம் கைக்கு எட்டியது, வாய்க்கு எட்டவில்லை. ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்டில் அவர் டீமின் கார்களில் முன்சக்கரத்தின் மேல்வளைவு விதிக்குப் புறம்பானது என்று தகுதிநீக்கம் செய்துவிட்டார்கள். கடைசியில் இத்தாலி வீரர் ராபர்ட்டோ ரவாலியாவிடம் ஒரே ஒரு புள்ளியில் பட்டத்தை இழந்தார். இன்றைக்குப் படித்தாலும் எனக்கு மனசு வலிக்கிறது.

1998-ல் சர்வதேச மோட்டார் அமைப்பான எஃப்.ஐ.ஏ. நடத்திய ஜி.டி. ஸ்போர்ட்ஸ் கார் பட்டத்தை 22 வயது ரிக்கார்டோ ஸோன்டாவோடு பகிர்ந்துகொண்டார். 1949-ல் பிறந்த லுட்விக் அவருக்கு அப்பா வயது. அத்தோடு நிறுத்தினாரா? 2000-ல் டி.டி.எம். மறுபடி தொடங்கியபோது திரும்பி வந்து, ஜெர்மனியின் ஸாக்ஸன்ரிங் பந்தயத் தளத்தில் ஒரே நாளில் இரண்டு பந்தயங்களையும் ஜெயித்தார். அப்போது அவருக்கு 50 வயது.