டெவலப்பர் ஆக முடியாதவங்கதான் டெஸ்டிங் போறாங்களா? சிங்கப்பூர்ல ஒரு கம்பெனியில க்யூஏ வேலை வந்திருக்கு, சேரலாமா?

கேள்வியோட ரெண்டாவது பாதிக்கு மட்டும் பதில் சொல்லிட்டுப் போகலாம்னுதான் பாத்தேன், முதல் பாதி விடல. 14 வருஷமா டெஸ்டிங்தான், அதாவது சாஃப்ட்வேர் சரியா ஓடுதான்னு சோதிச்சுப் பாக்குற க்யூஏ வேலைதான் பாக்குறேன், அதுல 12 வருஷம் சிங்கப்பூர்ல, பெரும்பாலும் சம்பளக் கணக்கு சாஃப்ட்வேர்ல. பட்டுக்கோட்டைக்குப் போனா சொந்தக்காரங்க கேக்குறதும் இதேதான், "உனக்குக் கோடிங் வராதாம்மா?"ன்னு. வரும். வந்துதான் இதை எடுத்தேன்.

நீங்க படிச்சு முடிச்சு ஒண்ணு ரெண்டு வருஷம் ஆகியிருக்கும், டெவலப்பர் இன்டர்வியூ நாலஞ்சு போயிருப்பீங்க, இப்ப இது கைக்கு வந்ததும் கூடப் படிச்சவங்க யாரோ "டெஸ்டிங்கா?"ன்னு இழுத்திருப்பாங்க. அப்படித்தான்னு வச்சுக்கிட்டு எழுதுறேன், இல்லன்னா மன்னிச்சுக்கோங்க. சும்மா சேருங்க சேராதீங்கன்னு சொல்றதை விட எனக்கு நடந்த ஒண்ணைச் சொல்றேன், அதுல உங்களுக்கு வேண்டியது இருக்கு.

2018. எங்க சாஃப்ட்வேரை செக்யூரிட்டி, க்ளீனிங் கம்பெனிங்க நிறைய பேர் வச்சிருந்தாங்க. சிங்கப்பூர்ல சம்பளம்னா கூடவே சிபிஎஃப், அதாவது மத்திய சேம நிதி, நம்ம ஊர் பிஎஃப் மாதிரின்னு வச்சுக்கோங்க, ஆனா இங்க வயசைப் பொறுத்து விகிதம் மாறும். அப்போ 55 வயசு வரைக்கும் தொழிலாளி சம்பளத்துல 20 சதவீதம் பிடிக்கணும், முதலாளி 17 போடணும். 55 தாண்டிட்டா 60 வரைக்கும் ரெண்டு பக்கமும் 13. எப்பலருந்து மாறும்னா 55ஆவது பிறந்தநாள் வர்ற மாசம் முடிஞ்சு அடுத்த மாசம் 1ஆம் தேதியிலருந்து. இந்தக் கடைசி வரிதான் முக்கியம், சாஃப்ட்வேர் என்ன செய்யணும்னு எங்களுக்கு எழுதி வந்த டாக்குமெண்ட்ல அது இல்ல. "55 மற்றும் அதற்குக் கீழ்", "55க்கு மேல்"னு ஒரு டேபிள் மட்டும் ஒட்டியிருந்தாங்க.

கோடு எழுதின தம்பி கெட்டிக்காரப் பையன், அவனைக் குறை சொல்லல. வயசைக் கணக்குப் போட ஏற்கனவே ஒரு ஃபங்ஷன் இருந்துச்சு, குரூப் இன்ஷூரன்ஸ் பிரீமியத்துக்காக யாரோ எழுதினது, வருஷக்கணக்கா ஒரு கம்ப்ளெயின்ட் இல்லாம ஓடுது, அதையே எடுத்துப் போட்டான். அது முடிஞ்ச வயசை முழு எண்ணா மட்டும் தரும். 55 வயசு 4 மாசம்னா அதுக்கு 55தான். 55 அல்லது அதுக்குக் கீழன்னா 20 சதவீதம். ஆக ஒருத்தருக்கு 56 பொறக்குற வரைக்கும் 20 சதவீதமே பிடிச்சுக்கிட்டு இருக்கும்.

இப்ப நான் என்ன டெஸ்ட் பண்ணேன்னு சொல்றேன். 54 வயசு ஆள் போட்டேன், 20 வந்துச்சு, பாஸ். 56 போட்டேன், 13 வந்துச்சு, பாஸ். 55ம் போட்டேன்ங்க, போடாம இல்ல, ஆனா நான் உருவாக்கின அந்த ஆளுக்குப் பிறந்தநாள் அதே மாசத்துல விழுந்துச்சு, பிறந்த மாசத்துல 20 வர்றதுதான் சரி, வந்துச்சு, பாஸ். எல்லையில டெஸ்ட் பண்ணணும்னு புத்தகத்துல படிச்சதை ஒழுங்காப் பண்ணினேன்னு நினைச்சேன், ஆனா எல்லை 55ங்கிற எண்ணுல இல்ல, ஒரு தேதியில இருந்துச்சு. டெவலப்மெண்ட் இழுத்துக்கிட்டே போனதால டெஸ்டிங்குக்குன்னு ஒதுக்கின 8 நாள் 3 நாளா ஆகிப்போச்சு, அது உண்மை, ஆனா கையெழுத்துப் போட்டது நான்தான்.

ஏழு மாசம் கழிச்சு இங்க சிங்கப்பூர்ல உபிங்கிற ஏரியா பக்கத்துல இருக்கிற ஒரு செக்யூரிட்டி கம்பெனியிலருந்து போன். அங்க ஹெச்ஆர் பாக்குற சீன அம்மா, ஒருத்தர் கணக்கு தப்புன்னு சொல்லிக்கிட்டே இருக்கார், உங்க சிஸ்டம் சரின்னு காட்டுது, அவர் தமிழ், நீ வந்து பேசிடுன்னாங்க. போனேன். நைட் ஷிஃப்ட் முடிச்சு வீட்டுக்குப் போகாம உக்காந்திருந்தார், இங்கயே பொறந்து வளந்த மனுஷன். ஒரு பிளாஸ்டிக் பையில ஏழு சம்பளச் சீட்டு, மாச வாரியா அடுக்கி வச்சிருக்கார். "வேற கம்பெனில என் கூட்டாளி இருக்கான்மா, அவனும் நானும் ஒரே மாசத்துல பொறந்தவங்க. அவனுக்குப் பிடித்தம் குறைஞ்சிருச்சு, எனக்கு மட்டும் ஏன்மா குறையல?"ன்னு கேட்டார். கோவம் இல்ல, ஏதோ தன் மேலதான் தப்பு இருக்குமோங்கிற மாதிரி கேட்டார். அதைத்தான் என்னால இன்னிக்கும் மறக்க முடியல.

அங்கயே பேப்பர்ல போட்டுப் பாத்தேன். சம்பளம் 1,400 வெள்ளி, சிங்கப்பூர் டாலரை இங்க அப்படித்தான் சொல்வோம். பிடிச்சது 280, பிடிக்க வேண்டியது 182. மாசம் 98 வெள்ளி, ஏழு மாசத்துக்கு 686. அந்தக் காசு அவர் சிபிஎஃப் கணக்குலதானே போய்ச் சேந்துச்சு, எங்கயும் காணாமப் போகலயேன்னு கமெண்ட்ல யாராவது வருவீங்க, தெரியும், எங்க ஆபீஸ்லயும் ஒருத்தர் இதைத்தான் சொன்னார். மாசக் கடைசில கையில 98 வெள்ளி குறைஞ்சா என்னன்னு 1,400 வாங்கறவங்களைக் கேட்டுட்டு வந்து சொல்லுங்க. ஆபீஸ் திரும்பி டேட்டாபேஸ்ல தேடினா எல்லா கஸ்டமரும் சேத்து 23 பேர். மத்த 22 பேரும் கேக்கவே இல்ல. கூடுதலாப் போனதையெல்லாம் கம்பெனிங்க எழுதிக் கேட்டுச் சரி பண்ணிக் குடுத்தாங்க, அந்த அண்ணனுக்கும் வந்துச்சு.

மீட்டிங் போட்டாங்க. முதல் கேள்வியே "க்யூஏ இதை எப்படி விட்டாங்க?". என் தப்பை நான் ஒத்துக்கிட்டேன், இப்பவும் ஒத்துக்கறேன். ஆனா அந்த டாக்குமெண்ட்டை எழுதினது யாரு, 8 நாளை 3 நாளாக் குறைச்சது யாருன்னு ஒருத்தர் வாயிலயும் வரல. ரிலீஸ் நல்லாப் போச்சுன்னா டெவலப்பர் டீமுக்கு மெயில்ல பாராட்டு, ஒண்ணு தப்பிச்சுப் போச்சுன்னா க்யூஏ. டெவலப்பர்கள் சண்டைக்கு வராதீங்க, என் வீட்டுக்காரரே டெவலப்பர்தான், இதே பேச்சு வீட்லயும் ஓடும்.

அதுக்கப்புறம் நான் பிடிவாதம் பிடிச்சு மாத்தினது சிலது. டாக்குமெண்ட் எழுதுறப்பவே டெஸ்டர் ஒருத்தர் உக்காரணும், கோடு வந்தப்புறம் இல்ல. "பிறந்தநாள் மாசத்துல என்ன ஆகும்?"னு அன்னிக்கு ஒரு கேள்வி கேட்டிருந்தா அரை நிமிஷ வேலை. அப்புறம் வயசு வர்ற இடத்துலயெல்லாம் வயசைப் போட்டு டெஸ்ட் பண்றதை நிறுத்திட்டோம், தேதி போட்டுத்தான்: 1ஆம் தேதி பொறந்தவர், 31ல பொறந்தவர், பிப்ரவரி 29ல பொறந்தவர், ஒவ்வொருத்தருக்கும் பிறந்த மாசச் சம்பளம், அடுத்த மாசச் சம்பளம். விகிதத்தையெல்லாம் கோடுக்குள்ள எழுதாம எந்தத் தேதியிலருந்துன்னு சேத்து டேபிள்ல வைக்கச் சொன்னேன், அப்போ முனகினாங்க. பின்னாடி சிபிஎஃப் சம்பள உச்சவரம்பு, அதாவது மாசச் சம்பளத்துல எவ்வளவு வரைக்கும் சிபிஎஃப் கணக்குப் போடணுங்கிற அளவு, 6,000லருந்து 2023 செப்டம்பர்ல 6,300, 2024ல 6,800, 2025ல 7,400, 2026ல 8,000னு படிப்படியா ஏறினப்ப கோடைத் தொடவே வேண்டியிருக்கல. பழசெல்லாம் உடையாம இருக்கான்னு பாக்குற ரெக்ரஷன் டெஸ்ட் தினமும் ராத்திரி தானா ஓடும். வெள்ளியும் காசும்கூட (காசுன்னா சென்ட்) அதுல உண்டு, மொத்தத் தொகையைக் கிட்டத்துல இருக்கிற வெள்ளிக்கு ரவுண்ட் பண்ணணும், ஆனா தொழிலாளி பங்குல காசை விட்டுடணும், மிச்சம் முதலாளி பங்கு. ரெண்டையும் தனித்தனியா ரவுண்ட் பண்ணி மாட்டிக்கிட்ட சாஃப்ட்வேர் பாத்திருக்கேன்.

"ஏற்கனவே ஓடின கோடுதானே, டெஸ்ட் எதுக்கு?"ன்னு இப்பவும் எவனாவது கேப்பான். ஏரியன் 5 ராக்கெட்டைச் சொல்லுவேன். 1996 ஜூன் 4, முதல் பயணம், கிளம்பி 40 செகண்டுக்குள்ள வெடிச்சுச்சு. ஏரியன் 4ல பிரச்சினை இல்லாம ஓடின கோடை அப்படியே எடுத்து வச்சிருந்தாங்க, புது ராக்கெட் பக்கவாட்டுல இன்னும் வேகமாப் போனதால 64 பிட் எண் ஒண்ணு 16 பிட்டுக்குள்ள அடங்கல. புது ராக்கெட்டோட பாதையை வச்சு அந்தக் கோடு ஓடின கருவியை டெஸ்ட் பண்ணியிருக்கவே இல்ல. எங்க வயசு ஃபங்ஷன் கதையும் அதே கதைதான், பழைய இடத்துல அது சரி, புது இடத்துல கேள்வியே வேற.

நீங்க தமிழ்ங்கிறதால ஒண்ணு சொல்லணும். இங்க நம்மாளுங்க பேர்ல எஸ் சாய்கோடு ஓன்னு வரும், இன்னாரோட மகன்னு அர்த்தம். பேர்ல எழுத்து மட்டும்தான் வரணும்னு டெவலப்பர் செக் போட்டா அந்த ஒரு கோட்டுக்காக பாதி இந்தியர் பேர் உள்ள போகாது. ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கத்து அஞ்சல் குறியீடு சைபர்ல ஆரம்பிக்கும், எண்ணா வச்சா சைபர் போய் ஆறு இலக்கம் அஞ்சாயிடும். 2022 ஜனவரியில வெளிநாட்டவர் அடையாள எண்ல எம் வரிசை புதுசா வந்தப்ப, எண் சரியான்னு பாக்கக் கடைசில வர்ற எழுத்தைக் கண்டுபிடிக்கிற கணக்கு பழைய எஃப், ஜி வரிசை மாதிரி இல்லன்னு எங்க டீம்ல முதல்ல பிரச்சினைன்னு பதிவு பண்ணினது நான். இதெல்லாம் பட்டன் அமுக்குறது கிடையாது.

பேச்சோட பேச்சா, இது உங்க கேள்விக்குச் சம்பந்தமில்ல, ஆனா மனசுல இருக்கு. முன்னாடி வேலை பாத்த ஒரு இடத்துல நாலு மொழியில ஒரு ஸ்கிரீன், தமிழ்ல கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிஞ்சு நிக்குது, 'கொ' மூணு துண்டாக் கிடக்கு. பக், அதாவது தப்புன்னு பதிவு போட்டேன், முக்கியமில்லன்னு மூடிட்டாங்க. மறுபடி திறந்தேன், மறுபடி மூடினாங்க. "யாரு தமிழ்ல பாக்கப் போறா?"ன்னு கேட்டது ஒரு தமிழ் மேனேஜர். தமிழ் இங்க ஆட்சி மொழிங்க, யாரும் போட்ட பிச்சை இல்ல. சீனத்துல ஒரு எழுத்து உடைஞ்சிருந்தா அன்னிக்கே ரிலீஸை நிறுத்தியிருப்பாங்க. இன்னும் எரியுது எனக்கு.

சரி, சேரலாமான்னா, சேருங்க, ஆனா எல்லா இடத்துலயும் இல்ல. டெஸ்டிங்லயும் சம்பளம் குறைவா, வளர்ச்சி இல்லாம உக்கார வைக்கிற கம்பெனி இருக்கு, அதை மறைக்கல. டேட்டாபேஸ்ல தேட உதவுற எஸ்க்யூஎல் நல்லாக் கத்துக்கோங்க, டெஸ்ட்டைத் தானா ஓட வைக்கிற பிளேரைட்டோ செலினியமோ ஒண்ணு கையில இருக்கட்டும், டெஸ்டிங்குக்கான ஐஎஸ்டிக்யூபி சர்டிபிகேட் ஹெச்ஆர் கண்ணுல பட உதவும், அதுக்கு மேல அதை நம்பாதீங்க. இன்டர்வியூ முடியறப்ப கேள்வி இருக்கான்னு கேப்பாங்கல்ல, அப்போ ரெண்டு கேளுங்க: கடைசி ரிலீஸுக்கு டெஸ்டிங்குன்னு எத்தனை நாள் ஒதுக்கினீங்க, அதுல எத்தனை நாள் நிஜமாக் கிடைச்சுது? ரெக்வயர்மெண்ட், அதாவது சாஃப்ட்வேர் என்ன செய்யணும்னு பேசுற மீட்டிங்ல டெஸ்டர் உக்காருவாரா? முதல் கேள்விக்கு ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்கன்னா வேற இடம் பாருங்க. ரெண்டாவதுக்கு யோசிக்காம ஆமாம்னாங்கன்னா, சம்பளம் ஐநூறு வெள்ளி கம்மியா இருந்தாக்கூட நான் அங்கதான் போவேன்.