கதைக்குள் ஒளிந்த அரசியல்: எதை நம்புவது?

அன்புள்ள ஐயா,

கோத்தகிரியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடு சனிக்கிழமைதோறும் கதைப் புத்தகம் வாசிக்கிறோம். ஓஸ் மந்திரவாதி கதை அமெரிக்காவில் பணத்துக்குத் தங்கம் மட்டும் அடிப்படையா, வெள்ளியும் சேருமா என்று நடந்த நாணயச் சண்டையைப் பற்றியது என்று ஒரு பையன் யூடியூபில் பார்த்துவிட்டு வந்து சொல்கிறான். கலிவர் கதையும் அப்படித்தான் என்கிறார்கள். எது உண்மை, எது இட்டுக்கட்டியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

— ஓர் ஆசிரியை, கோத்தகிரி

அன்புள்ள ஆசிரியைக்கு,

வணக்கம். பொருத்திப் பார்க்க உட்கார்ந்தால் எந்தக் கதையிலும் எதையும் பொருத்திவிடலாம். அந்தப் பொருத்தத்தை முதன்முதலில் யார், எந்த ஆண்டில் சொன்னார் என்று தேடுங்கள்.

முதலில் கலிவர் கதை. அதில் லில்லிபுட் அரசர் ஒரு கோலை நீட்டிப் பிடிக்கிறார். அரசவையினர் அதைத் தாண்டுகிறார்கள், அடியில் தவழ்கிறார்கள். ஜெயித்தவர்களுக்கு ஆறு அங்குலப் பட்டு நூல்: நீலம், சிவப்பு, பச்சை. பிரிட்டிஷ் அரசர் கொடுத்த கார்ட்டர், பாத், திஸில் பட்டங்களின் நாடா நிறங்கள் இவை. அன்றைய பிரதமர் வால்போல் 1725இல் பாத், 1726இல் கார்ட்டர் பட்டம் வாங்கியவர். ஆனால் 1726இல் வந்த முதல் பதிப்பில் ஊதா, மஞ்சள், வெள்ளை என்றுதான் இருக்கும். அரசு பாய்ந்துவிடுமோ என்ற பயம். 1735 டப்ளின் பதிப்பில்தான் சரியான நிறங்கள் அச்சேறின. இங்கிலாந்துக்கு அயர்லாந்து காட்டிய எதிர்ப்பை லிண்டாலினோ என்ற கற்பனை நகரத்தின் கலகமாக எழுதிய பகுதியோ 1899 வரை புத்தகத்திலேயே இல்லை. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஓஸ் அப்படியல்ல. கதை வந்தது 1900இல். வெள்ளிக் காலணி வெள்ளி நாணயம், மஞ்சள் செங்கல் சாலை தங்கம், கோழைச் சிங்கம் 1896 அதிபர் தேர்தலில் வெள்ளி நாணயத்துக்காக நின்ற அரசியல்வாதி பிரையன் என்ற விளக்கத்தை ஹென்றி லிட்டில்ஃபீல்ட் என்ற பள்ளி ஆசிரியர் வெளியிட்டது 1964இல். 1890களின் வரலாற்றை மாணவர்களுக்குப் புரியவைக்க அவர் கண்ட வழி அது. நாவலாசிரியர் பாம் அதை மனதில் வைத்து எழுதினார் என்பதற்கு ஆதாரமில்லை என்று பின்னாளில் லிட்டில்ஃபீல்டே சொன்னார். நீங்களும் 1896 தேர்தலைப் பாடமாக நடத்த அந்த விளக்கத்தைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். நாவலாசிரியரின் ரகசியம் என்று மட்டும் சொல்லாதீர்கள். காலணி சிவப்புதானே என்று பிள்ளைகள் கேட்பார்கள். அது 1939 சினிமாவுக்காக மாற்றியது.

கலிவர் கதையின் சிறுவர் சுருக்கங்கள் பலவற்றில் கோலும் நூலும் வெட்டுப்பட்டிருக்கும். முழுப் பதிப்பில் முதல் பாகத்தின் 3, 4 அத்தியாயங்களை வாசியுங்கள். கடைவீதியில் மூன்று நிற நூல் வாங்கி, ஆறு அங்குலமாக வெட்டி, பிள்ளைகளைக் கோல் தாண்டவிடுங்கள். வால்போல் பெயரை அதற்குப் பிறகு சொல்லுங்கள். முன்னாலேயே சொல்லிவிட்டால் கதையை விட்டுவிட்டு யார் யார் என்று விடை தேட ஆரம்பித்துவிடுவார்கள்.