வறட்சி நமக்குப் புதிதா, அம்மிணி?

கேள்வி: அக்கா, எனக்கு வயது 33. சொந்த ஊர் வெள்ளகோவில் பக்கம். பெருந்துறை அருகே ஒரு பொறியியல் கல்லூரியில் எட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். என் வீட்டுக்காரருக்கு அமெரிக்காவில், நியூ மெக்சிகோ மாநிலத்து அல்புகர்க்கியில் மூன்று வருட வேலை வந்திருக்கிறது. ஏழு வயதில் ஒரு பையன், அவனுக்குக் குளிர் காலத்தில் வீசிங் வரும். அந்த ஊரைப் பற்றி விசாரித்தால் ஒருவர் மலை ஊர் என்கிறார், ஒருவர் பாலைவனம் என்கிறார். ‘பாலைவனத்துக்கா புள்ளையக் கூட்டிட்டுப் போற’ என்று அம்மா அழுகிறார். நீங்கள் அங்கே குடியிருந்ததாக முன்பு எழுதியிருந்தீர்கள். குடும்பத்தோடு வாழ ஆகிற ஊர்தானா? மாமாவையும் அத்தையையும் அழைத்துப் போகலாமா?
- வெள்ளகோவில் வாசகி

பதில்: அம்மிணி, உங்களிடம் மலை என்று சொன்னவரும் பொய் சொல்லவில்லை, பாலைவனம் என்று சொன்னவரும் பொய் சொல்லவில்லை. ஊர் இருப்பது கடல் மட்டத்திலிருந்து 5,300 அடி உயரத்தில். நம் ஏற்காட்டைவிடக் கொஞ்சம் மேலே. ஆனால் ஏற்காட்டின் பச்சையைத் தேடாதீர்கள். வருடம் முழுக்கப் பெய்கிற மழையைச் சேர்த்தாலே சுமார் 220 மில்லிமீட்டர்தான். கோவையில் 600-க்கு மேல் பெய்யும்போதே நாம் மழை போதவில்லை என்று வானத்தைப் பார்க்கிறோம்.

உங்கள் அம்மா மனதில் இருக்கும் மணல்மேடும் ஒட்டகமும் அங்கே இல்லை என்று முதலில் அவரிடம் சொல்லுங்கள். காங்கேயம் பக்கத்து மேய்ச்சல் காட்டைக் கோடையில் பார்த்திருப்பார் அல்லவா? காய்ந்த புல்லும் முள்ளும் செம்மண்ணுமாக? அதைப் பெரிதாக்கி, கிழக்கே 10,000 அடிக்கு மேல் ஒரு மலையைச் சுவர் மாதிரி எழுப்பி, நடுவில் ஓர் ஆற்றை ஓடவிட்டால் அதுதான் அல்புகர்க்கி. மலைக்குப் பெயர் சாண்டியா, ஆறு ரியோ கிராண்டே. கரை நெடுக காட்டன்வுட் மரங்கள். ஐப்பசி மாதம் அந்த மரங்கள் மொத்தமும் மஞ்சளாகிவிடும். ஸ்பானிய மொழியில் சாண்டியா என்றால் தர்ப்பூசணி. ஏன் அந்தப் பெயர் என்று முதல் நாள் சாயங்காலமே தெரிந்துவிடும். சூரியன் இறங்கும்போது மலை முழுக்கப் பழத்தின் உள்சதை நிறத்துக்கு வரும், பத்து நிமிடம் நிற்கும், பிறகு சாம்பலாகிவிடும். அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டு வாசலுக்கு ஓடி வந்து பார்ப்பேன். ஐந்து வருடத்தில் ஒருநாள்கூட அது சலிக்கவில்லை.

வறட்சி உடம்பை என்ன செய்யும் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். போன முதல் வாரமே என் மகளின் தலையணையில் ரத்தம். பதறிப்போய் எழுப்பினால், குழந்தை எதுவும் தெரியாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். காய்ந்த காற்றில் மூக்கின் உட்புறம் வெடித்திருக்கிறது, அவ்வளவுதான். அறையில் இரவெல்லாம் நீராவி விடும் கருவி ஒன்றை வைத்ததும் இரண்டு வாரத்தில் சரியாகிவிட்டது. உதடு வெடிக்கும், குதிகால் வெடிக்கும். குளிர் காலத்தில் கார் கதவைத் தொட்டால் விரல் நுனியில் சுளீரென்று கரண்ட் அடிக்கும். வேர்வை உடனே காய்ந்துவிடுவதால் தாகமே தெரியாது. தாகம் எடுத்துத்தான் தண்ணீர் குடிப்பேன் என்று இருந்தால் மதியத்துக்குள் தலைவலி வந்துவிடும். உயரமான ஊர் என்பதால் வெயிலும் சுள்ளென்று தோலில் இறங்கும். பையனுக்குத் தொப்பி கட்டாயம்.

சமையலிலும் ஒரு மாற்றம் உண்டு. அங்கே தண்ணீர் 95 டிகிரிக்கே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாது. குக்கர்தான் கதி. அரிசியும் பருப்புச் சாதத்துக்கு இங்கே மூன்று விசில் விட்டால் அங்கே ஐந்து விடுங்கள். குளிரில் இட்லி மாவு பொங்காது, ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டுவிட்டு உள்ளே வையுங்கள். ஆனால் மோர் மிளகாய், வடகம், கொத்தவரை வத்தல் எல்லாம் காலையில் போட்டால் மறுநாள் டப்பாவில் அடைத்துவிடலாம். அந்தச் சந்தோஷம் இங்கே கிடைக்காது.

பையனின் வீசிங் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரு காலத்தில் பெருந்துறை காற்று காய்ந்த காற்று, நெஞ்சுக்கு நல்லது என்றுதான் அங்கே சானடோரியம் வைத்தார்கள் என்று நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அல்புகர்க்கிக்கும் காசநோயாளிகள் அதே நம்பிக்கையில் ரயிலேறி வந்தார்கள், அந்த ஊர் வளர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஈரக்காற்றும் பூஞ்சையும்தான் உங்கள் பையனுக்குத் தொந்தரவு என்றால் அங்கே தேவலாம் என்று ஆகலாம். ஆனால் மாசி, பங்குனியில் ஜூனிப்பர் மரத்தின் மகரந்தம் பறக்கும், கூடவே புழுதிக்காற்று. மே, ஜூனில் காட்டுத்தீப் புகையும் சில வருடம் வரும். காய்ந்த குளிர்காற்றே சில குழந்தைகளுக்கு இழுப்பைக் கிளப்பிவிடும். இது யூகத்தில் முடிவெடுக்கிற விஷயம் இல்லை. அவனைப் பார்க்கும் டாக்டரிடம் 5,300 அடி, காய்ந்த காற்று, ஜனவரி இரவில் மைனஸ் 4 டிகிரி என்று அப்படியே சொல்லிக் கேளுங்கள். இன்ஹேலரும் பழைய சீட்டுகளும் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் போடாதீர்கள்.

தண்ணீரைப் பற்றி நான் சொல்லப்போவதைக் கடைமடைக்காரியான உங்களைவிட வேறு யாரும் நன்றாகப் புரிந்துகொள்ள முடியாது. பிஏபி வாய்க்காலில் எப்போது தண்ணீர் விடுவார்கள் என்று காத்திருந்த வீட்டில் வளர்ந்திருப்பீர்கள். மேற்கே போகிற ஆற்று நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியதுதானே நம் பரம்பிக்குளம்-ஆழியாறு? அல்புகர்க்கிக்காரர்களும் அதையேதான் செய்திருக்கிறார்கள். கொலராடோ ஆற்றுப் பக்கம் போக வேண்டிய தண்ணீரை, கண்டத்தின் நீர்பிரி மலைக்கு அடியில் சுரங்கம் வெட்டி ரியோ கிராண்டே பக்கம் கொண்டுவந்தார்கள். 2008 டிசம்பரிலிருந்து நகரத்துக் குழாயில் அந்தத் தண்ணீரும் வருகிறது.

அதைவிட என் மனதைத் தொட்டது அவர்களுடைய பழைய வாய்க்கால்கள். அசேக்கியா என்பார்கள். ஸ்பானியர்கள் வந்து குடியேறிய காலத்தில் வெட்டியவை, இன்றும் பல கிராமங்களில் ஓடுகின்றன. ஒவ்வொரு வசந்தத்திலும் பாசனக்காரர்கள் எல்லோரும் மண்வெட்டியோடு வந்து தூர் வார வேண்டும். யாருக்கு எத்தனை நேரம் தண்ணீர் என்று முறை வைக்க ஒருவர், நம் ஊரில் மடை பார்க்கும் நீர்க்கட்டிக்காரர் மாதிரி. நகருக்குத் தெற்கே ஒரு கிராமத்தில், மடையைத் திறந்துவிட்டு மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்ற ஒரு பெரியவரைப் பார்த்தேன். தலையில் தொப்பிக்குப் பதிலாகத் துண்டு இருந்தால் காளிங்கராயன் வாய்க்கால் கரையில் நிற்கும் என் தாத்தாவேதான். அன்றைக்குத்தான் இந்த ஊரில் நம்மால் இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றியது.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நம் பக்கத்துப் பள்ளங்கள் போல ஊருக்குள் அங்கங்கே காய்ந்த ஓடைகள் உண்டு, பலவற்றைக் கான்கிரீட் போட்டு அகலமாகக் கட்டியிருப்பார்கள். பையன்களுக்கு சைக்கிள் விடவும் சறுக்கவும் ஆசையாக இருக்கும். ஜூலை முதல் செப்டம்பர் வரை அவர்களுக்கும் ஒரு பருவமழை உண்டு. மலையில் இடி இடித்துப் பெய்யும், நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு சொட்டும் விழாது, ஆனால் பள்ளத்தில் வெள்ளம் திடீரென்று வந்துவிடும். உங்கள் மகனுக்கு வீட்டில் போடும் முதல் சட்டம் இதுவாக இருக்கட்டும்.

சரி, இதுவரை சொன்னதெல்லாம் சமாளித்துவிடக் கூடியவை. நான் உண்மையில் பயப்படுவது வேறு இரண்டுக்கு.

முதலாவது வேலை. ஐந்தரை லட்சம் பேர் இருக்கும் நடுத்தர ஊர், கோவையைவிடச் சின்னது. அங்கே பெரிய வேலை தருவது அரசின் சாண்டியா ஆய்வுக்கூடமும் விமானப்படைத் தளமும்தான், அவற்றில் பெரும்பாலான வேலைகளுக்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். நம்மவர்களுக்கு மிச்சம் இருப்பவை பக்கத்து ரியோ ராஞ்சோவில் உள்ள இன்டெல் ஆலை, பல்கலைக்கழகம், மருத்துவமனைகள், சில சின்னக் கம்பெனிகள். உங்கள் வீட்டுக்காரர் போவது எச்1பி என்கிற வேலை விசாவில் என்றால், வேலை போனால் அடுத்ததைத் தேட 60 நாள்தான் கிடைக்கும். டல்லாஸிலோ நியூஜெர்சியிலோ அந்த 60 நாளில் பத்துக் கதவைத் தட்டலாம். அல்புகர்க்கியில் இரண்டு கதவுதான். டென்வர் மாதிரி ஒரு பெரிய ஊருக்குப் போவதென்றாலும் 700 கிலோமீட்டருக்கு மேல். ஆகவே ஆறு மாதச் செலவுக்கான பணம் கையில் இல்லாமல் போகாதீர்கள். தோட்டத்தை அடமானம் வைத்துப் போகவே வேண்டாம்.

இரண்டாவது நீங்கள். எச்4 விசாவில் போகும் மனைவி, கணவருடைய கிரீன் கார்டு விண்ணப்பம் ஒரு கட்டத்தைத் தாண்டும் வரை வேலை பார்க்க முடியாது. எட்டு வருடம் வகுப்பெடுத்த கை அது. காலை எட்டு மணிக்கு அவர் ஆபீசுக்கும் பையன் பள்ளிக்கும் போய்விட்டால், வீட்டில் நீங்களும் ஜன்னலுக்கு வெளியே மலையும்தான். வாசலில் கூப்பிட்டுப் பேச ஆள் இல்லை. தமிழ்க் குடும்பங்கள் இருக்கிறார்கள், நல்லவர்கள், ஆனால் ஆளுக்கொரு மூலையில். மளிகைக்கு மூன்று மைல், பூங்காவுக்கு இரண்டு மைல், பஸ்ஸை நம்பி எதுவும் நடக்காது. நான் முதல் குளிர் காலத்தில் நான்கு மாதம் வண்டி ஓட்டத் தெரியாமல் வீட்டுக்குள் இருந்தேன். ராத்திரி எட்டு மணிக்கு ஊருக்கு போன் போட்டால் இங்கே மறுநாள் காலை எட்டரை, அம்மா பால் கறந்த கையோடு பேசுவார். அந்தப் பத்து நிமிடத்துக்காகவே மீதிப் பொழுதைத் தள்ளினேன். அந்தத் தனிமை நோய் மாதிரி. வெளியே தெரியாது.

மார்ச்சில் ஓட்டக் கற்றுக்கொண்டேன். ஊர் வேறு ஊராகிவிட்டது. ஆகஸ்டு கடைசியில் மளிகைக் கடை வாசல்களில் பச்சை மிளகாய் சுடுவார்கள். பெரிய கம்பிப் பீப்பாய்க்குள் மிளகாயைக் கொட்டி, அடியில் கேஸ் தீயை விட்டுச் சுழற்றுவார்கள். தோல் கருகிப் படபடவென்று வெடிக்கும், அந்த வாசனை கார் கண்ணாடியை ஏற்றினாலும் உள்ளே வரும். மூட்டையாக வாங்கி உரித்து ஃப்ரீசரில் வைத்தால் வருடம் முழுக்கச் சட்னிக்கு ஆகும். வீட்டு வாசலில் தோரணம் மாதிரி காய்ந்த மிளகாய்ச் சரம் கட்டியிருப்பார்கள். சாப்பாட்டுக் கடையில் முதல் கேள்வியே ‘சிவப்பா, பச்சையா’ என்பதுதான், எந்த மிளகாய்க் குழம்பு வேண்டும் என்று. பக்கத்து வீட்டு ஸ்பானிய அம்மா ஒருவர் தந்த சிவப்பு மிளகாய் விழுதில் நான் நாட்டுக்கோழி வறுவல் மாதிரி ஒன்று செய்து கொடுத்தேன். அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு வருடம் கிண்ணத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுத்ததே இல்லை.

பொள்ளாச்சியில் தை மாதம் பலூன் விடுகிறார்களே, அதன் பெரியப்பா அங்கேதான். 1972-ல் 13 பலூனோடு ஆரம்பித்தது, இப்போது அக்டோபரில் ஒன்பது நாள், ஐந்நூறுக்கு மேல். கீழ்க்காற்று ஒரு திசையிலும் மேல்காற்று எதிர்த் திசையிலும் அடிப்பதால், போன பலூனை உயரத்தை மாற்றியே கிளம்பிய இடத்துக்கு அருகே கொண்டுவந்துவிடுவார்கள். விடியலில் உங்கள் கூரைக்கு மேல் புஸ்ஸென்று தீ விடும் சத்தம் கேட்கும். பையன் படுக்கையிலிருந்து குதித்து ஓடுவான்.

பள்ளிக்கூடம் பார்த்து வீடு பிடியுங்கள். கல்வி வரிசையில் நியூ மெக்சிகோ பல வருடமாகக் கடைசி இடங்களில் இருக்கும் மாநிலம், ஊருக்குள்ளேயே பகுதிக்குப் பகுதி வித்தியாசம் அதிகம். ரியோ ராஞ்சோ அல்லது ஊரின் வடகிழக்குப் பகுதியைப் பாருங்கள். வண்டித் திருட்டும் உண்டு. எங்கள் காரின் கண்ணாடியை ஒரு ராத்திரி உடைத்துவிட்டார்கள், உள்ளே இருந்தது ஒரு பழைய குடை. கராஜ் உள்ள வீடாக எடுங்கள், வாடகை ஐம்பது நூறு டாலர் கூடினாலும் பரவாயில்லை.

மாமா, அத்தையை உடனே அழைக்க வேண்டாம். அவர்களுக்கு இதயமோ நுரையீரலோ தொந்தரவு இருந்தால் அந்த உயரத்துக்கு டாக்டர் சம்மதம் வேண்டும், மருத்துவக் காப்பீடு இல்லாமல் ஒருநாள்கூட அங்கே இருக்கக் கூடாது. நீங்கள் ஊன்றிய பிறகு, அடுத்த வருடம் செப்டம்பர், அக்டோபரில் வரட்டும். மாமாவை அந்த வாய்க்கால் கரைக்குக் கூட்டிப் போங்கள், மொழி தெரியாமலே அங்கே பேசிக்கொண்டு நிற்பார்.

என்னைக் கேட்டால், போங்கள். ஆனால் கிளம்பும் முன் இங்கேயே கார் ஓட்டக் கற்று, தனியாகக் கோவை வரை போய் வந்துவிடுங்கள். அது இல்லாமல் டிக்கெட் போடாதீர்கள். கல்லூரியில் ராஜினாமா கொடுக்கும் முன் ஒரு வருடச் சம்பளமில்லா விடுப்பு கிடைக்குமா என்று கேளுங்கள். ஆன்லைனில் ஒரு மேல்படிப்பையாவது கையில் எடுத்துக்கொண்டு போங்கள். அங்கே பள்ளி ஆகஸ்டில் திறக்கும், அதனால் ஜூலை நடுவிலேயே இறங்கப் பாருங்கள். அப்போது மழைக்காலம், காற்றில் கொஞ்சம் ஈரம் இருக்கும், பையனின் மூக்குக்கும் நல்லது. அப்புறம், குக்கர் ரப்பர் நாலு எடுத்துக்கொள்ளுங்கள். காய்ந்த காற்றில் அது சீக்கிரம் வெடித்துவிடும், உங்கள் குக்கருக்குச் சேருகிற ரப்பர் அங்கே லேசில் கிடைக்காது.